கைக்கு வராத பொருளைச் சொல்லும் சொற்கள்: முழுமையான வழிகாட்டி

அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். கடை என்று சொல்வது கொஞ்சம் அதிகம். ஒரு புளியமரம், அதன் கீழே தகரக் கொட்டகை, பஞ்சர் பார்க்க ஒரு தண்ணீர்ச் சட்டி, அவ்வளவுதான். வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிற எல்லாரும் முதலில் சொல்வது ஒரே வாக்கியம்: “அண்ணே, வண்டி சரியில்ல.” அப்பா ஸ்பேனரைத் தொடமாட்டார். “சரியில்லன்னா? ஆடுதா, இழுக்குதா, ஒரசுதா, வழுக்குதா?” என்று கேட்பார்.

“ஆடுது” என்றால் சக்கர அச்சில் முடுக்கும் கோன் தளர்ந்திருக்கும். “ஒரு பக்கமா இழுக்குது” என்றால் முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க் வளைந்திருக்கும், அல்லது பின்சக்கரம் நடுவில் உட்கார்ந்திருக்காது. “ஒரசுது” என்றால் இன்னொரு கேள்வி வரும்: “விட்டு விட்டா, விடாமலா?” விட்டு விட்டு உரசினால் ரிம்மில் கோட்டம், கம்பிகளை முறுக்கிக் கோட்டம் எடுக்க வேண்டும், அது அரை மணி நேர வேலை. விடாமல் உரசினால் பிரேக் கட்டை தள்ளி உட்கார்ந்திருக்கிறது, அரை நிமிட வேலை. மிதிக்கும்போது ஒரு சுற்றுக்கு ஒரு தடவை “டக்” என்றால், மிதித்தண்டை அச்சோடு பூட்டும் காட்டர்பின். மிதி வழுக்கினால் பின்சக்கரத்துப் பல்சக்கரமான ஃப்ரீவீல். வந்தவர் சரியான வினைச்சொல்லைச் சொல்லிவிட்டால், வண்டியைப் புரட்டிப் போடுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

நான் இப்போது சமையலறைச் சாமான்களையும் வீட்டுக் கருவிகளையும் பற்றி எழுதுகிறேன்; பிறர் எழுதியதைத் திருத்தியும் தருகிறேன். வருகிற வரிகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “பயன்படுத்த வசதியாக இல்லை.” “யூஸ் பண்ண கம்ஃபர்டபிளா இல்ல.” “மொக்கை, வாங்காதீங்க.” படித்ததும் அப்பாவின் குரல்தான் காதில் விழும். வசதியில்லன்னா? வழுக்குதா, உறுத்துதா, எட்டலையா, ஒழுகுதா?

விமர்சனம் எழுதுபவர்கள், கடைக்காரருக்குப் புகார் அனுப்புபவர்கள், தச்சரிடமும் தையல்காரரிடமும் “இப்படி வேணாம், அப்படி வேணும்” என்று விளக்கத் திணறுபவர்கள், கருவிக் கையேடுகளை மொழிபெயர்ப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: தீர்ப்புச் சொற்களை ஒதுக்கி வையுங்கள்

வசதி இல்லை, அசௌகரியம், தொல்லை, இம்சை, தலைவலி, வேஸ்ட், மொக்கை. இவையெல்லாம் தீர்ப்புகள், சாட்சியம் இல்லை. நீங்கள் பட்ட எரிச்சல் இவற்றில் தெரியும். பொருளில் என்ன கோளாறு என்று தெரியாது. இவற்றை எழுதக் கூடாது என்பதில்லை. முதலில் சாட்சியத்தை எழுதுங்கள், கடைசியில் இடம் இருந்தால் தீர்ப்பு.

மொக்கை என்ற சொல்லைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அது ஒரு காலத்தில் மிகத் துல்லியமான சொல். மொக்கைக் கத்தி என்றால் கூர் போன கத்தி. இன்று மொக்கைப் படம், மொக்கை ஜோக், மொக்கை ஹோட்டல் என்று எல்லாவற்றின் மேலும் தேய்த்துத் தேய்த்து அந்தச் சொல்லே மொக்கையாகிவிட்டது. கத்தியைப் பற்றி எழுதும்போது இன்று அது உதவாது. அதற்குப் பதில் இரண்டு சொற்கள் கைவசம் இருக்கின்றன, என் காதுக்கு அவை ஒன்றல்ல. “மழுங்கிவிட்டது” என்றால் முன்பு கூர் இருந்தது, இப்போது போய்விட்டது. சாணை பிடித்தால் சரியாகும். “மொண்ணை” என்றால் அது வந்ததே அப்படித்தான். புதிதாக வாங்கிய கத்தியை “மழுங்கல்” என்று எழுதினால் வாசகர் குழம்புவார். “வாங்கும்போதே மொண்ணை” என்றால் புரிந்துவிடும்.

படி 2: உடம்பில் எந்த இடம் முறையிடுகிறது என்று பாருங்கள்

இதுதான் முக்கியமான படி, அதனால் இதில் கொஞ்சம் நேரம் செலவிடுவோம். பொருளைக் கையில் எடுத்து வேலை செய்யுங்கள். உங்கள் உடம்பில் எந்த இடம் முதலில் “போதும்” என்கிறது? விரலா, உள்ளங்கையா, மணிக்கட்டா, தோளா, இடுப்பா, கண்ணா? தமிழில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு தொல்லைக்கும் தனித்தனி வினை இருக்கிறது.

கையிலிருந்து தொடங்குவோம். பிடிமானம் இல்லை என்பது பிடிப்பதற்கு இடமே இல்லாதது. வழுக்குகிறது என்பது இடம் இருக்கிறது, மேற்பரப்புதான் பிடி கொடுக்கவில்லை என்பது. நழுவுகிறது என்றால் பிடித்த பிறகு மெல்லக் கைவிட்டுப் போகிறது. பெரும்பாலும் கனம் ஒரு பக்கம் கூடியிருக்கும். கைக்கு அடங்கவில்லை என்றால் அளவு பெரிது. இந்த நான்கையும் “பிடிக்கக் கஷ்டம்” என்று ஒரே சாக்கில் கட்டினால், பொருளைச் செய்தவர் கைப்பிடியைப் பெரிதாக்குவதா, சிறிதாக்குவதா, சொரசொரப்பாக்குவதா என்று எப்படி முடிவெடுப்பார்?

அடுத்தது வலி. செருப்பு கடிக்கிறது. காய்கறி நிரம்பிய பிளாஸ்டிக் பையின் காது விரலை அறுக்கிறது. முதுகுப்பை தோளை அழுத்துகிறது. சட்டைக் காலரில் தைத்த துண்டுச் சீட்டு உறுத்துகிறது. பிசிறு எடுக்காத எவர்சில்வர் விளிம்பு கீறுகிறது. சாமான் நிரம்பிய வாளியை மாடிக்குத் தூக்கினால் கை கடுக்கிறது. அதே வாளியைக் கைமாற்றாமல் பிடித்து நின்றால் கை மரத்துப்போகிறது. “வலிக்கிறது” என்று ஒரே சொல்லில் முடித்திருந்தால் இத்தனையும் போயிருக்கும். அறுப்பது என்றால் பிடிக்கும் பகுதி மெல்லியது, அகலமாக்க வேண்டும். அழுத்துவது என்றால் பாரம் ஒரே இடத்தில் இறங்குகிறது, பட்டையை அகலப்படுத்தவோ பஞ்சு வைக்கவோ வேண்டும். கடிப்பது என்றால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உரசுகிறது. குதிகாலா சுண்டுவிரலா என்பதையும் சேர்த்துச் சொன்னால் செருப்புக்காரருக்கு அதுவே போதும்.

தையல்கடையில் இந்தத் துல்லியத்தை எல்லாரும் தன்னையறியாமல் பயன்படுத்துகிறோம். “அக்குள்ல பிடிக்குது”, “வயித்துல இறுக்குது”, “கழுத்துல தொளதொளன்னு நிக்குது”, “கை தூக்கினா மேல ஏறுது”. சட்டையைப் பற்றி இவ்வளவு அழகாகப் பேசத் தெரிந்தவர்கள் நாற்காலியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மட்டும் “அசௌகரியம்” என்று கைகழுவுவது ஏன் என்று எனக்குப் புரிந்ததில்லை. தையல்காரரிடம் பேசுகிறமாதிரியே எழுதுங்கள்: உட்கார்ந்தால் கால் தொங்குகிறது, முதுகுக்கு அணைவு இல்லை, முன்விளிம்பு தொடையில் வெட்டுகிறது.

உயரமும் தூரமும் அடுத்தவை. எட்டவில்லை என்பது பொதுச்சொல். எக்க வேண்டியிருக்கிறது என்றால் குதிகாலைத் தூக்கி நிற்க வேண்டும். அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது என்றால் கழுத்துக்கு வேலை. குனிந்தே நிற்க வேண்டியிருக்கிறது என்றால் இடுப்புக்கு. சமையல் மேடை உயரம் தவறினால் அது எப்படித் தவறியிருக்கிறது என்பதை இந்த வினைகளே சொல்லிவிடும். மேடை அதிக உயரம் என்றால் சப்பாத்தி தேய்க்கும்போது தோள் காதுவரை ஏறும். தாழ்வு என்றால் பாத்திரம் கழுவி முடிக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர வேண்டும். கொத்தனாரிடம் “மேடை சரியில்ல” என்பதைவிட, “தேய்க்கும்போது தோள் தூக்குது” என்று சொல்லிப் பாருங்கள். அவர் டேப்பை எடுத்துவிடுவார்.

படி 3: குறை பொருளிலா, பொருத்தத்திலா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். விமர்சனம் எழுதுகிற ஒவ்வொருவரும் எழுதத் தொடங்குமுன் இந்தப் பழமொழியை ஒரு தடவை சொல்லிக்கொள்வது நல்லது. ஆனால் இதன் மறுபக்கமும் உண்டு: சில கூடங்கள் நிஜமாகவே கோணல்.

கூடமும் சரி, ஆடுபவளும் சரி, இரண்டும் சேரவில்லை என்ற மூன்றாவது நிலையும் இருக்கிறது. அதைச் சொல்லத் தமிழில் தனியாக ஒரு சொற்கூட்டமே உண்டு: வாகு, தோது, வாட்டம், பாந்தம், ஒத்துவருதல். “இது எனக்குத் தோதுப்படாது” என்று சொன்னால் பொருளைக் குறை சொன்னதாக ஆகாது. அடுத்தவருக்கு அது தோதாக இருக்கலாம். வாகு உடம்பைச் சேர்ந்தது: இடக்கை வாகு, வலக்கை வாகு, தூக்க வாகாக இல்லை. வாட்டம் நிலையையும் சரிவையும் சேர்ந்தது. குழாய் வேலை செய்பவர் வாட்டம் என்றால் தண்ணீர் ஓடுகிற சரிவு. “வாட்டமா நின்னு வெட்டு” என்றால் வேலைக்கு ஏற்ற நிலை. பாந்தம் என்றால் அளவெடுத்ததுபோல் பொருந்துவது.

கத்தரிக்கோல் இதற்கு நல்ல உதாரணம். வலக்கைக்காரர்களுக்குச் செய்த கத்தரிக்கோலை இடக்கையால் பிடித்தால் துணி வெட்டுப்படாமல் இரண்டு அலகுக்கும் நடுவில் மடங்கிக்கொள்ளும். கோல் மழுங்கல் என்று நினைத்துச் சாணை பிடிப்பார்கள். பிடித்தும் பயன் இராது. காரணம் வேறு. வலக்கையால் அழுத்தும்போது பெருவிரலும் மற்ற விரல்களும் அலகுகளை ஒன்றோடொன்று நெருக்குகின்றன. இடக்கையில் அதே அழுத்தம் அலகுகளை விலக்கிவிடுகிறது. போதாக்குறைக்கு மேல் அலகு வெட்டும் கோட்டையும் மறைத்துவிடும். இங்கே சரியான சொல் “வெட்டவில்லை” அல்ல. “இடக்கைக்கு வாகு இல்லை”. என் தம்பி இடக்கைக்காரன். பள்ளியில் கைவேலை வகுப்பில் அவன் வாங்கிய திட்டுகளில் பாதி இந்த ஒரு சொல் யாருக்கும் தோன்றாததால் விழுந்தவை.

இதே வகையில் குழப்பும் இன்னொரு தொடர் “கைக்கு வரவில்லை”. இதற்கு இரண்டு பொருள். ஒன்று, பழக்கம் இன்னும் ஆகவில்லை. மற்றது, பழகினாலும் வராது. தமிழ்99 விசைப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். 247 எழுத்துகளும் இவற்றின் சேர்க்கையிலேயே வந்துவிடும். ஆனால் பழைய தட்டச்சுப் பொறியில் கை பழகியவர்களுக்கு அது முதல் வாரம் பெரும்பாடு. அவர்கள் கொம்பை முதலில் தட்டி, எழுத்தைத் தட்டி, பிறகு காலைத் தட்டிப் பழகியவர்கள். இதில் எழுத்தைத் தட்டி உயிரைத் தட்ட வேண்டும். அவர்கள் “கைக்கு வரல” என்றால் அது விசைப்பலகையின் குறை அல்ல. ஆகவே எழுதும்போது “இன்னும்” என்பதைச் சேருங்கள், அல்லது “ஒரு மாதம் பழகியும்” என்று சேருங்கள். அந்த ஒரு சொல் படிப்பவருக்கு எவ்வளவோ சொல்லிவிடும்.

இடப் பொருத்தமும் இப்படித்தான். வலிய சக்கரமுள்ள பெருந்தேர் கடலில் ஓடாது, கடலில் ஓடும் கப்பல் நிலத்தில் ஓடாது என்கிறது 496ஆம் குறள். இரண்டு பேர் இருக்கும் வாடகை வீட்டுச் சமையலறையில் பெரிய கிரைண்டர் வாங்கி வைத்துவிட்டு அதைத் திட்டுகிறவர்களுக்கு இந்தக் குறளைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

படி 4: எந்த நேரத்தில் தொல்லை தருகிறது என்று பிரியுங்கள்

ஒரு பொருளை எடுப்பது, திறப்பது, ஓட்டுவது, நிறுத்துவது, கழுவுவது, திரும்ப வைப்பது எல்லாம் தனித்தனி வேலைகள். ஒன்றில் தங்கமாக இருப்பது இன்னொன்றில் உயிரை எடுக்கும்.

மேசைமேல் வைக்கும் கிரைண்டரையே பாருங்கள். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அரைப்பதில் யாரும் குறை சொல்வதில்லை. தொல்லை அரைத்த பிறகு. கல்லைத் தூக்கும்போது மாவு சொட்டும். கல்லைப் பிடிக்க இடம் இல்லாமல் ஈரத்தில் வழுக்கும். நடுத்தண்டைச் சுற்றி ஒட்டிய மாவை வழிக்க விரல் போகாது. “அரைக்க அருமை, வழிக்கச் சள்ளை” என்று ஒரு அக்கா எழுதி அனுப்பியிருந்தார். நான்கே சொல். நான் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை.

சள்ளை என்பது பலரும் மறந்துவிட்ட நல்ல சொல். கஷ்டமான வேலை வேறு, சள்ளை பிடித்த வேலை வேறு. மூட்டை தூக்குவது கஷ்டம். சின்ன வெங்காயம் 2 கிலோ உரிப்பது சள்ளை. பலம் கேட்காது, பொறுமையைத் தின்னும். கழுவுவதற்கு 7 துண்டாகக் கழற்ற வேண்டிய பழச்சாறு இயந்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

மிக்ஸி ஜாரில் மூடி “உட்காரவில்லை” என்றால் திறந்து மூடும் நேரத்துத் தொல்லை. பிளேடுக்கு அடியில் “கை போகவில்லை” என்றால் கழுவும் நேரத்துத் தொல்லை. இரண்டையும் எழுதுங்கள், ஆனால் கலக்காதீர்கள்.

படி 5: ஓசைச் சொற்களைப் பயன்படுத்துங்கள்

எழுத்துத் தமிழில் இவை குழந்தைத்தனம் என்று பலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு இது பிடிக்காத பழக்கம். இரட்டைக்கிளவி இரண்டிலிருந்து பிரிந்து ஒலிக்காது என்று தொல்காப்பியமே விதி சொல்கிற அளவுக்கு மூத்த சொற்கள் இவை. பட்டறைகளில் இவைதான் நோயறியும் கருவி. என் பட்டியலில் அடிக்கடி பயன்படுபவை:

லொடலொட: ஆணியோ திருகோ தளர்ந்து, பாகங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன. முடுக்கினால் சரியாகும்.

தொளதொள: அளவு கூடுதல். முடுக்கினாலும் சரியாகாது. குக்கர் மூடிக்கு வேறு கம்பெனி ரப்பர் வளையம் போட்டால் வருவது இது.

கரகர: உள்ளே உருளும் பேரிங் குண்டுகள் உடைந்திருக்கின்றன, அல்லது எண்ணெய் இல்லை. கையில் சுற்றினாலே உணரலாம்.

நறநற: மணல், தூசி. திருகுமூடித் தகர டப்பாக்களில் பார்க்கலாம்.

சொரசொர: தரையில் நல்லது, கைப்பிடியில் அளவோடு நல்லது, தேநீர்க் கோப்பையின் விளிம்பில் கொடுமை.

வழவழ: இதுவும் இடத்தைப் பொறுத்தது. தோசைக்கல்லில் வரம், குளியலறைத் தரையில் சாபம்.

பிசுபிசு: கொஞ்ச நாள் ஆனதும் ரப்பர் கைப்பிடிகள் இளகி ஒட்டிக்கொள்ளுமே, அது.

“லொடலொட”வையும் “தொளதொள”வையும் மாற்றி எழுதினால் பழுது பார்ப்பவர் தவறான இடத்தில் கை வைப்பார். திருகில் சிக்கல் என்றால் இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். திருகு இறுகிவிட்டது, திருகு துருவேறிப் பிடித்துக்கொண்டது, மரை தேய்ந்துவிட்டது ஆகியவை மூன்று வேறு நிலைமைகள். மூன்றாவதில் எவ்வளவு திருகினாலும் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். மூளை குழம்பியவரை “மரை கழண்ட ஆள்” என்று கேலி செய்வது இந்தப் பட்டறைச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

படி 6: பொருளுக்குக் குணம் கொடுக்கலாம், குணத்தை மாற்றிக் கொடுக்கக் கூடாது

நம்மவர்கள் பொருளை மாடுபோல, பிள்ளைபோலப் பேசுவார்கள். மக்கர் பண்ணுகிறது, சண்டித்தனம் செய்கிறது, அடம் பிடிக்கிறது, முரண்டு பிடிக்கிறது, தகராறு செய்கிறது. எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் இல்லை.

மக்கர் என்றால் சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் ஒழுங்காக ஓடிக் காட்டும், வீட்டுக்கு வந்ததும் நிற்கும். சண்டித்தனம் சண்டிமாட்டிடமிருந்து வந்தது. படுத்தால் எழாத மாடு. தொடங்கும்போது ஓடாமல், தள்ளி உசுப்பிவிட்டால் அதன்பின் ஒழுங்காக ஓடுகிற வண்டிக்கு இது பொருந்தும். அடம் என்றால் ஒரே இடத்தில் மட்டும் மறுப்பது. மழைக்காலத்தில் ஊறிப்போய்த் திறக்க மறுக்கும் மரக்கதவு மாதிரி. காலை வாரிவிட்டது என்றால் நல்ல சமயத்தில் கைவிட்டது. தினமும் தொல்லை தருவதற்கு அந்தத் தொடர் பொருந்தாது.

இதில் வேடிக்கை “படுத்து” என்ற வினை. “வண்டி படுத்துது” என்றால் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, நம்மைத்தான் வதைக்கிறது. “வண்டி படுத்துக்கிச்சு” என்றால் நின்றே போய்விட்டது. அப்பாவின் கடையில் முதலாவதுக்கு வண்டியை விட்டுவிட்டு மாலையில் வரச் சொல்வார். இரண்டாவதுக்கு அவரே சைக்கிள் பம்ப்பையும் ஸ்பேனர் பையையும் எடுத்துக்கொண்டு கிளம்புவார்.

படி 7: நீங்கள் என்ன பாடுபட்டீர்கள் என்பதையும் வினையாகச் சொல்லுங்கள்

இதுவரை பொருள் செய்வதைச் சொன்னோம். மனிதர் செய்வதைச் சொல்லவும் வளமான வினைகள் இருக்கின்றன. மூடியோடு மல்லுக்கட்டுகிறோம். பையின் அடியில் சாவியைத் துழாவுகிறோம். இருட்டில் சுவிட்சைத் தடவுகிறோம். பாட்டில் அடியில் தங்கிய ஊறுகாயைக் கரண்டிக் காம்பால் நோண்டுகிறோம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டிய பொருளோடு ஒற்றையாளாக அல்லாடுகிறோம்.

கைப்பேசிச் செயலிகளைப் பற்றி எழுதும்போது இவை பெரிதும் உதவும். அங்கேதான் மொழிபெயர்ப்புத் தமிழ் அதிகமாக உள்ளே புகுந்திருக்கிறது. “இச்செயலி பயனர் நட்பாக இல்லை” என்று எழுதுகிறார்கள். செயலிக்கும் பயனருக்கும் நட்பு எங்கிருந்து வந்தது? சம்பந்தம் பேசவா போகிறார்கள்? இப்படி எழுதிப் பாருங்கள்: “பணம் அனுப்பும் பொத்தான் எங்கே என்று ஒவ்வொரு தடவையும் துழாவ வேண்டியிருக்கிறது.” “கட்டைவிரல் எட்டாத மூலையில் வைத்திருக்கிறார்கள்.” “பொத்தான்கள் நெருக்கமாக இருப்பதால் ஒன்றை அமுக்கினால் இன்னொன்று அமுங்குகிறது.” “ஒரு ரசீதுக்கு 5 பக்கம் அலையவிடுகிறது.” “நடுவில் திணறி நின்றுவிடுகிறது.” அலையவிடுவது என்ற சொல்லைத் தமிழர்கள் அலுவலக வாசல்களில் நின்று நின்று பழகிக்கொண்டதால் அதற்கு விளக்கம் எழுத வேண்டியதில்லை.

படி 8: ஊர்ச்சொல்லை அளவோடு

சென்னையில் “பேஜாரு”, யாழ்ப்பாணத்தில் “கரைச்சல்”. இரண்டும் நல்ல சொற்கள், ஆனால் இரண்டும் தீர்ப்புச் சொற்கள். படி 1 இவற்றுக்கும் பொருந்தும். யாழ்ப்பாணத்தார் “தூக்க ஏலாது” என்றால் மதுரைக்காரருக்கும் புரிந்துவிடும். புரியாது என்று சந்தேகம் வந்தால் பக்கத்திலேயே செயலை எழுதிவிடுங்கள், சொல் தானே விளங்கிவிடும்.

படி 9: ஒட்டுவேலையைக் காட்டுங்கள்

எனக்குத் தெரிந்தவரை ஒரு பொருளின் குறையை இதைவிட நன்றாகக் காட்டுவது எதுவும் இல்லை. தொல்லை தரும் பொருளை மக்கள் சும்மா விடுவதில்லை. ஏதாவது செய்து ஒப்பேற்றிக்கொள்கிறார்கள். ஆடும் மேசைக்காலுக்கு அட்டையை மடித்துச் சக்கை வைக்கிறார்கள். சாயும் அலமாரிக்கு முட்டுக்கொடுக்கிறார்கள். சுடும் கைப்பிடிக்குத் துணி சுற்றுகிறார்கள். மண்வெட்டிக் காம்பு கழன்றால் ஆப்பு அடிக்கிறார்கள். ரிமோட்டின் பின்மூடி நிற்காவிட்டால் ரப்பர் பேண்ட். இரண்டே இரண்டு பொத்தான்தான் வேண்டும் என்று மற்ற பொத்தான்களின்மேல் டேப் ஒட்டிய பாட்டிகளையும் பார்த்திருக்கிறேன்.

அப்பா வண்டியில் முதலில் பார்ப்பது இதைத்தான். ஹேண்டில் பிடியில் சைக்கிள் டியூப் வெட்டிச் சுற்றியிருந்தால் “கை வழுக்குதாப்பா?” என்பார். சீட்டில் பழைய துண்டு கட்டியிருந்தால் ஸ்பிரிங்கைத் தட்டிப் பார்ப்பார். வந்தவர் வாயில் வராத சொல்லை வண்டியே சொல்லிவிடும்.

ஆகவே நீங்கள் எழுதும்போது, “அதற்காக நான் இப்படிச் செய்துகொள்கிறேன்” என்று ஒரு வாக்கியம் சேருங்கள். “கைப்பிடி சுடுகிறது” என்பதை ஒருவர் மறுக்கலாம். “வாங்கிய மூன்றாம் நாளிலிருந்து துணி சுற்றித்தான் பிடிக்கிறேன்” என்பதை மறுப்பது கஷ்டம்.

படி 10: எல்லாவற்றையும் ஒரு வாக்கியத்தில் கோத்துவிடுங்கள்

என்ன செய்துகொண்டிருந்தேன், எந்த இடத்தில், என்ன ஆயிற்று, எத்தனை தடவை, அதற்கு என்ன செய்துகொண்டேன். இந்த வரிசை போதும். அளவைச் சேர்க்க முடிந்தால் சேருங்கள். ஸ்கேல் இல்லாவிட்டால் விரற்கடை, சாண், முழம் இருக்கின்றன.

முன்பு: “டம்ளர் நன்றாக இல்லை, காபி குடிக்க வசதியில்லை.”
பின்பு: “டம்ளர் வாய் வெளிப்பக்கமாக மடங்காமல் நேராக நிற்கிறது. சூடான காபியை விளிம்பைப் பிடித்துத் தூக்க முடியவில்லை, உடம்பைப் பிடித்தால் சுடுகிறது. ஆற்றும்போது டபராவுக்கு வெளியே வழிகிறது.”

டபரா டம்ளரில் அந்த மடங்கிய விளிம்பு அழகுக்கு வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு விரலில் சூடு படாமல் பிடிக்கவும், ஆற்றும்போது காபி தாரையாக விழவும் உதவுவது அந்த மடிப்புதான்.

முன்பு: “குக்கர் மூடி மோசம்.”
பின்பு: “மூடியைப் போட்டால் ஒரு தடவையில் உட்காருவதில்லை, 3, 4 தடவை திருப்பித் திருப்பி வைக்க வேண்டியிருக்கிறது. கைப்பிடித் திருகு லொடலொட என்று ஆடுகிறது, வாரம் ஒரு தடவை முடுக்குகிறேன்.”

இந்த இரண்டாவது வகைப் புகார் வெறும் அலுப்பு அல்ல, பாதுகாப்புச் சிக்கலும்கூட. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளால் தீங்கு நேர்ந்தால் தயாரிப்பாளர் ஏற்க வேண்டிய பொறுப்பு என்று தனிப் பகுதி இருக்கிறது. செய்முறைக் குறை மட்டுமல்ல, வடிவமைப்புக் குறையும், சரியாகப் பயன்படுத்துவதற்கான விளக்கம் தராததும் அதில் அடங்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே பேசும்போதும் “வசதியில்லை” என்றால் அது உங்கள் ரசனை என்று ஒதுங்கிப்போகும். “மூடி உட்காராமல் ஆவி பீறிட்டு முன்கை வெந்தது” என்றால் அதை யாரும் ரசனைக் கணக்கில் எழுத முடியாது.

சொல் இல்லாத இடங்கள்

சில புதுப் பொருள்களுக்கு என்னிடம் சொல் இல்லை. உட்கார்ந்தால் ஆள் உள்ளே புதைந்து, எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டிய சோபாவுக்கு நெடுநாள் சொல் தேடினேன். என் அத்தை ஒரே மூச்சில் “ஆளை முழுங்குது” என்று முடித்துவிட்டார். ஆகவே சொல் கிடைக்காதபோது நான் அகராதியைத் திறப்பதில்லை. அந்தப் பொருளோடு மல்லுக்கட்டும் யாராவது ஒருவர் பக்கத்தில் போய் நிற்பேன். போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் கைகழுவும் இடத்தில், கையை நீட்டினால் தானாகத் தண்ணீர் வரும் குழாய் வைத்திருந்தார்கள். வரிசையில் எல்லாரும் உள்ளங்கையை மேலே பார்க்க நீட்டி, இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு நின்றோம். தண்ணீர் வந்த பாடில்லை. எனக்கு முன்னால் நின்ற பெரியவர், சாம்பார் காய்ந்த கையை உதறிக்கொண்டு திரும்பினார்.

“மொய் எழுதிட்டு வந்தவனைக் கையேந்த வைக்குதே தம்பி.”